சுரங்க வெளிச்சக் கணக்கு: லூமென் முறையா, புள்ளி முறையா?

குப்பத்தில் எங்கள் தெருப் பெரியவர்கள் சிலர் கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். 2001-இல் அதை மூடியாயிற்று. இன்றைக்கும் அந்தப் பேச்சு வந்தால், இரண்டு விளக்குக்கு நடுவில் கிடந்த இருட்டைத்தான் முதலில் சொல்வார்கள். கணக்குப் போடுகிறவன் தவறவிடுவதும் அதே இடத்தைத்தான்.

4 மீட்டர் அகலப் பாதை, 2.5 மீட்டர் உயரத்தில் 10 மீட்டருக்கு ஒரு விளக்கு, ஒவ்வொன்றும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வீசும் 1,500 லூமென் (விளக்கு வெளியிடும் மொத்த ஒளி) என்று வைத்துக்கொள்வோம்.

லூமென் முறை சுலபம். லூமெனைப் பயன்பாட்டுக் காரணியாலும் (வீசும் ஒளியில் தரையை எட்டும் பங்கு) பராமரிப்புக் காரணியாலும் (தூசி படிந்த பிறகும் மிஞ்சும் பங்கு) பெருக்கி, ஒரு விளக்கின் பங்குக்கு வரும் 40 சதுர மீட்டரால் வகுத்தால் போதும். முதல் தடவை நான் 0.5, 0.6 என்று போட்டு 11 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமென்) வந்ததும் சந்தோஷப்பட்டேன். அந்த 0.5 வெள்ளைச் சுவர் உள்ள ஆபீஸ் அறைக்கானது! கரும்பாறை வெளிச்சத்தைத் திருப்பித் தராது, அங்கே 0.2 போட்டால் 4.5 லக்ஸ்தான். அதுவும் சராசரி.

ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடும் புள்ளி முறையில் வேலை அதிகம், ஆனால் பொய் சொல்லாது. 1,500-ஐ 4π-யால் வகுத்தால் 119 கேண்டெலா, அதாவது ஒரு திசையில் போகும் ஒளியின் செறிவு. நேர் கீழே தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 19 லக்ஸ், தூசிக்கு 0.6 போட்டால் 11. இரண்டு விளக்குக்கு நடுவில் கதிர் சாய்ந்து விழுவதால் கோணத்தின் கொசைனாலும் பெருக்க வேண்டும். இரண்டு விளக்கும் சேர்ந்து, தூசியும் கழித்து 2 லக்ஸ். கல் தடுக்குகிற இடம் அதுதானே? எத்தனை விளக்கு வாங்கலாம் என்று குத்துமதிப்பாகப் பார்க்க லூமென் முறை சரி, பாதுகாப்புக்கு என்றால் என் ஓட்டு புள்ளி முறைக்கே.

அப்புறம், லக்ஸ் விழுவது மட்டும் போதாது, கண்ணுக்குத் திரும்பியும் வர வேண்டும். அமெரிக்க நிலக்கரிச் சுரங்க விதி இதனால்தான் ஒளிர்வை அளக்கிறது: வேலை நடக்கும் இடத்தில் 0.06 அடி-லாம்பர்ட், அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 0.2 கேண்டெலா. நம் 2 லக்ஸ் 10 சதவீதம் பிரதிபலிக்கும் பாறையில் பட்டால் சதுர மீட்டருக்கு 0.06 கேண்டெலாதான் (2 × 0.1 ÷ π) தேறும். அதே இடத்தில் சுண்ணாம்பு அடித்து 60 சதவீதம் ஆனால் 0.38. அது புதுச் சுண்ணாம்புக்கு. தூசி படிந்து 40-க்கு இறங்கினாலும் 0.25 நிற்கும், நான் அந்த எண்ணை வைத்துத்தான் கணக்கை முடிப்பேன்.