ஜிக் ஹெட்டுக்குப் பூசிய நிறமில்லாத கியூடெக்ஸ்

ஹட்டன் டவுனில் ஒரு பான்சி கடையில் வாங்கிய சின்னப் போத்தல் இது. நகத்துக்கு அல்ல, மீன் பிடிக்க வீட்டில் ஈயம் உருக்கி வார்த்த ஜிக் ஹெட்டுகளுக்குத்தான், அதாவது ஈயத் தலை வைத்த தூண்டில் முட்களுக்குத்தான் பூசுகிறேன்.

வார்த்த உடனே ஈயம் வெள்ளி போல மின்னும். காற்றுப் பட்டதும் மங்கத் தொடங்கும்; நம் பக்கத்து மழைக்கும் மூடுபனிக்கும் சொல்லவே வேண்டாம். கியூடெக்ஸ் அந்தக் காற்றையும் ஈரத்தையும் நன்றாகவே தடுக்கிறது. ஆனால் பூசும் முன் கைப்பிசுக்குப் போக வேண்டும். எண்ணெய் கலக்காத ரிமூவரைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தால் போதும். சேண்ட் பேப்பர் மட்டும் போடாதீர்கள், ஈயத்தூள் நஞ்சு. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். மெல்லிசாக ஒரு பூச்சு, நன்றாகக் காய்ந்த பிறகு இன்னொன்று. தடிப்பாகப் பூசினால் சுருங்கிவிடும்.

குறையும் உண்டு. காசல்ரி நீர்த்தேக்கக் கரையில் கல்லில் உரசினால் உரிகிறது. உறுதிக்குப் பவுடர் பெயின்ட்தான் மேல். ஆனால் அதைச் சூட்டில் இறுக்க வேண்டும், சமையல் அவனில் வைக்கவே கூடாது. லயத்து வீட்டில் இதற்கென்று தனி அவனுக்கு எங்கே போவது?

அப்புறம், பூசியதை மரப்பெட்டியில் வைக்காதீர்கள். மரத்திலிருந்து வரும் அமில ஆவி, பூச்சு உரிந்த இடத்தில் ஈயத்தை வெள்ளைத் தூளாக்கிவிடும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா நல்லது. இரையாக மாட்டும் ரப்பர் புழுக்களை வேறு டப்பாவில் வையுங்கள், அவை பட்டால் பூச்சு இளகி ஒட்டிக்கொள்ளும்.