எராஸ்மஸை எங்கே தொடங்குவது: ‘மடமையின் புகழ்’ நூலிலா, ‘அடேஜியா’விலா?

மறுமலர்ச்சிக் கால அறிஞர்களில் எராஸ்மஸ் ஒருவரையாவது ஒழுங்காகப் படித்துவிட வேண்டும் என்று நினைத்தபோது என் முன் இரண்டு நூல்கள் இருந்தன. ஒன்று, எல்லோரும் கைகாட்டும் ‘மடமையின் புகழ்’. மற்றொன்று, கிரேக்க, இலத்தீன் பழமொழிகளைத் திரட்டி விளக்கும் ‘அடேஜியா’. ஊரார் சொன்னபடி முதல் நூலில்தான் தொடங்கினேன். முறையை மாற்றியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. இரண்டையும் ஆங்கில வழியாகவே படித்தவன் என்பதால், இலத்தீன் நடையின் நயத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

வாழ்க்கைக் குறிப்பை நீட்ட வேண்டியதில்லை. ராட்டர்டாமில் ஒரு பாதிரியாருக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்து, ஸ்டெய்ன் மடத்தில் துறவியாகி, 1492-இல் குருப்பட்டம் பெற்று, பிறகு மடத்து வாழ்க்கைக்குத் திரும்பாமல் பாரிஸ், இலண்டன், வெனிஸ், லூவேன், பாசல் என்று அலைந்து, 1536-இல் பாசலில் கண்மூடியவர். கிரேக்கப் புதிய ஏற்பாட்டை 1516-இல் அச்சேற்றியதும், மனித விருப்புரிமை குறித்து 1524-இல் சமயச் சீர்திருத்தவாதி லூத்தருக்கு எதிராக எழுதியதும் எந்த அறிமுகக் கட்டுரையிலும் கிடைக்கும் செய்திகள்.

‘மடமையின் புகழ்’ நூலுக்குள்ள வசதி அதன் அளவு. 1509-இல் இத்தாலியிலிருந்து இலண்டன் திரும்பி, ஆங்கில அறிஞர் தாமஸ் மோரின் வீட்டில் சிறுநீரக நோயோடு தங்கியிருந்த நாட்களில், ஏறக்குறைய ஒரு வாரத்தில் எழுதியது. 1511-இல் பாரிஸில் அச்சாயிற்று. மடமை என்னும் பெண் மேடையேறித் தன்னைத் தானே புகழ்ந்துகொள்கிறாள். தலைப்பிலுள்ள ‘மோரியா’ என்ற கிரேக்கச் சொல் நண்பர் மோரின் பெயரோடு விளையாடுகிறது. இறையியலாளர்கள், துறவிகள், அரசர்கள், போப்புகள் என்று வரிசையாக அடி விழும் நடுப்பகுதி இன்றும் சிரிக்க வைக்கிறது. ஆனால் கடைசிப் பகுதியில் கேலி விலகி, கிறிஸ்துவுக்காகப் பேதையாதல் என்னும் பவுலின் கருத்து முன்னால் வரும்போது, பேசுவது மடமையா, எராஸ்மஸா என்று எனக்குப் பிடிபடவே இல்லை. அது நூலின் சாமர்த்தியம் என்று அறிஞர்கள் பாராட்டுவார்கள். முதன்முறை படிப்பவருக்கோ அடிக்குறிப்புகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பதாகத்தான் இருக்கிறது. வெளிவந்த பின் எதிர்ப்பு எழுந்ததும், இதைப் பதிப்பித்ததற்காகச் சற்றே வருந்துவதாக எராஸ்மஸே 1515-இல் லூவேன் இறையியலாளர் மார்ட்டின் டோர்ப்புக்கு எழுதினார்.

‘அடேஜியா’வின் பக்கம் நான் சாய்ந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: அது அவரோடு சேர்ந்து வளர்ந்த நூல். 1500 சனவரியில் இங்கிலாந்திலிருந்து கிளம்பியபோது, பொன்னும் வெள்ளியும் நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது என்ற சட்டத்தைக் காட்டி, டோவர் துறைமுகத்தில் சுங்க அதிகாரிகள் அவர் கையிலிருந்த பணத்தில் ஏறக்குறைய முழுவதையும் பிடுங்கிக்கொண்டார்கள். பாரிஸுக்கு வெறுங்கையோடு வந்தவர் அவசரமாகத் தொகுத்து அதே ஆண்டு வெளியிட்ட சிறு நூலில் ஏறக்குறைய 800 பழமொழிகள் இருந்தன. 1508-இல் வெனிஸில் ஆல்டஸ் மனூசியஸின் அச்சகத்திலேயே உட்கார்ந்து, அவர் எழுத எழுத ஆட்கள் எழுத்துக் கோக்க, எண்ணிக்கை 3260 ஆயிற்று. 1515-ஆம் ஆண்டு பாசல் பதிப்பில் பழமொழி விளக்கங்கள் சில தனிக் கட்டுரைகளாகவே விரிந்தன. அவர் இறந்த ஆண்டில் வந்த பதிப்பில் 4151. ஒரு வாரத்தில் எழுதி முடித்த நூல் எழுத்தாளரின் ஒரு வாரத்தைத்தான் காட்டும். முப்பத்தாறு ஆண்டுகள் பிரித்துப் பிரித்துத் தைத்த நூலில் வறுமையும் நட்பும் கோபமும் முதுமையும் தையல் தெரியும்படி கிடக்கின்றன.

‘மெல்ல விரைக’ என்ற பழமொழியின் கீழ் உள்ள கட்டுரையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வெனிஸ் அறிஞர் பியத்ரோ பெம்போ தந்ததாகச் சொல்லி ஆல்டஸ் காட்டிய ரோமானிய வெள்ளிக்காசு ஒன்றை எராஸ்மஸ் நமக்கு வருணிக்கிறார்: ஒரு பக்கம் பேரரசரின் முகம், மறு பக்கம் நங்கூரமும் அதன் தண்டைச் சுற்றி வளைந்த டால்ஃபினும். நங்கூரம் நிதானம், டால்ஃபின் வேகம். ஆல்டஸின் அச்சக முத்திரையும் அதுவே. அங்கிருந்து பேச்சு நழுவி, பிழை மலிந்த நூல்களைத் தள்ளிவிடும் அச்சகத்தார் மீது பாய்கிறது. வெனிஸ் அறிஞர்கள் அதுவரை அச்சேறாத அரிய கையெழுத்துப் படிகளைக் கேட்காமலே கொடுத்ததையும், வடக்கே ஒரு நண்பர், ஓரங்களில் பழமொழிகள் குறித்துவைக்கப்பட்ட சூயிதாஸ் என்னும் பழைய கிரேக்க அகராதியின் படியை ஓரிரு மணி நேரத்துக்குக்கூடத் தர மறுத்ததையும் அருகருகே வைக்கிறார். எந்த வாழ்க்கை வரலாறும் அந்த மனிதரை எனக்கு இவ்வளவு கிட்டத்தில் காட்டவில்லை.

போரைப் பற்றி இரண்டு நூல்களும் பேசுகின்றன. மடமையின் வாயால் வரும்போது அது சில வரிகளில் முடிகிற கிண்டல். ‘பட்டறியாதவனுக்குப் போர் இனிக்கும்’ என்ற கட்டுரையில் எராஸ்மஸ் முகமூடி இல்லாமல் தம் குரலிலேயே வாதாடுகிறார். விலங்குகளுக்கெல்லாம் கொம்பும் நகமும் ஓடும் தந்த இயற்கை, மனிதனை மட்டும் மெல்லிய தோலோடும் அழத் தெரிந்த கண்களோடும் படைத்திருக்கிறதே, இவனா போருக்குப் பிறந்தவன் என்று தொடங்கும் அந்தக் கட்டுரை 1517-இல் தனி நூலாகவும் வந்தது.

சிறிய உருப்படிகளிலும் சுவை குறைவில்லை. நாம் கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பதை அவர்கள் ஏதென்சுக்கு ஆந்தை கொண்டுபோவது என்றார்கள். உலகத்துத் துன்பங்களையெல்லாம் வெளியே விட்ட பண்டோரா திறந்தது, பழங்கிரேக்கக் கவி ஹெசியடின் மூலத்தில் பெரிய தாழி. எராஸ்மஸ் அதைச் சிமிழாக்கினார், அந்தப் பிழை உலகமெங்கும் ‘பண்டோராவின் பெட்டி’யாக நிலைத்துவிட்டது.

குறையும் உண்டு. பல பழமொழிகளுக்கு நாலு வரி மேற்கோள்தான் கிடைக்கும்; தொடர்ச்சியாகப் படித்தால் சலிப்புத் தட்டும். நானும் 4151-ஐயும் படித்தவன் அல்லன். நீண்ட கட்டுரைகளையும், இடையிடையே சில நூறையும் படித்திருக்கிறேன். டொரண்டோ பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு பல தடித்த தொகுதிகள், தனிமனிதர் வாங்கும் விலையில் இல்லை. ஒரே தொகுதியில் வந்த தேர்வு போதும். அதில் முதலில் ‘மெல்ல விரைக’, பிறகு போர்க் கட்டுரை, அதன்பின் இந்த நூலைத் தொகுத்த பாட்டையே அவர் புலம்பித் தீர்க்கும் ‘ஹெர்க்குலிஸின் உழைப்புகள்’ என்று படித்துவிட்டு மடமையிடம் வந்தால், மேடையில் பேசுகிறவளின் குரலில் எது எராஸ்மஸ் என்று ஓரளவுக்காவது அடையாளம் தெரியும்.