ரெஸ்க்யூ போட் இருக்குன்னு சொல்லி கடல்ல இறக்கி விட்டானுங்க, திரும்பி வந்தா டெபாசிட்டையும் முழுங்கிட்டானுங்க

விங் ஃபாயில், விண்ட்சர்ஃப் கியர் வாடகைக்கு எடுத்து ஓப்பன் வாட்டர்ல போகலாம்னு ப்ளான் போட்டிருக்கறவங்க பணம் கட்டறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிச்சிடுங்க. புதுசா கேக்கறவங்களுக்கு, விண்ட்சர்ஃப்னா போர்டுல கம்பம் நட்டு அதுல செயில், அதாவது பாய், கட்டி காத்துல ஓட்டறது. விங் ஃபாயில்னா காத்து ஊதின விங்க கைல பிடிச்சுக்கிட்டு ஓட்டறது, போர்டுக்கு அடியில மாஸ்ட்ங்கற கம்பத்துல மாட்டின ஃபாயில் போர்ட தண்ணிக்கு மேல தூக்கிடும். கடை பேர இங்க போடல, டெபாசிட் விவகாரம் பேங்க்ல இன்னும் ஓடிட்டிருக்கு. ஆனா இந்த மாதிரி வேலை ஒரே ஒரு கடையில மட்டும் நடக்கற விஷயமா எனக்கு தெரியல, அதனால நடந்தத முழுசா எழுதிடறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

விளம்பரத்துல என்ன போட்டிருந்தாங்கன்னா, உங்க லெவலுக்கு ஏத்த கியர், கூடவே ஒரு இன்ஸ்ட்ரக்டர், எந்நேரமும் ரெடியா ரெஸ்க்யூ போட், எல்லாமே "ஒலிம்பிக் தரம்". நான் விண்ட்சர்ஃப் பல வருஷமா பண்றேன், விங் ஃபாயில்ல எழும்பி நேரா கொஞ்ச தூரம் பறப்பேன், திரும்பற இடத்துல விழுந்துடுவேன், அவ்ளோதான் என் லெவல். இத அப்பிடியே வாட்ஸப்ல சொல்லி, என் எடை 82 கிலோன்னும் சொல்லி, அதுக்கு அவனுங்க தம்ஸ் அப் போட்டு, அப்புறம்தான் புக் பண்ணேன். கூட வந்த நண்பன் விண்ட்சர்ஃப் மட்டும்தான், அவனுக்கு தனியா போர்டும் செயிலும்.

போனா எனக்கு எடுத்து வெச்சிருந்த போர்டுல 72 லிட்டர்னு எழுதியிருக்கு. தெரியாதவங்களுக்கு சொல்றேன், விங் கத்துக்கற ஸ்டேஜ்ல உடம்பு எடை கிலோவுல எவ்ளோவோ அதோட 30, 40 சேத்து அத்தன லிட்டர் போர்டு எடுக்கணும்னு ஒரு கணக்கு, அப்பிடி பாத்தா எனக்கு 110, 120 வேணும். 72 லிட்டர் போர்டு கடல் தண்ணியில மொத்தமா ஒரு 74 கிலோவ தான் மிதக்க வைக்கும், அதுலயே போர்டும் ஃபாயிலும் சேந்து பத்து கிலோவுக்கு மேல தின்னுடும், மீதி இருக்கற மிதப்புல நான் முட்டி போட்டா போர்டு தண்ணிக்குள்ள போயிடும். நல்லா பழகினவங்க இதுல ஜாலியா ஓட்டுவாங்க, அது வேற. கேட்டா "ப்ரோ, நீங்கதான் விண்ட்சர்ஃப் பண்ணவராச்சே, உங்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி"ங்கறான். பெரிய போர்டு இல்லையான்னா எல்லாம் வாடகைக்கு போயிருக்காம்.

அந்த ஒலிம்பிக் தரம் என்னன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. ஃபாயிலோட முன் விங், அதாவது தண்ணிக்குள்ள இருக்கற முன் இறக்கை, 900 சதுர சென்டிமீட்டர். பாரிஸ் 2024 ஒலிம்பிக்ல விண்ட்சர்ஃபிங்ல வந்த ஐக்யூஃபாயில் க்ளாஸ்ல 900 தான், உண்மைதான், ஆனா அவங்க ஆம்பளைங்க 9 சதுர மீட்டர், பொம்பளைங்க 8 சதுர மீட்டர் செயில் வெச்சு ரேஸ் ஓட்டறவங்க. சின்ன விங் தூக்கணும்னா முதல்ல வேகம் வேணும், தண்ணிக்குள்ள முங்கற போர்டுல நான் எங்கேர்ந்து வேகத்த கொண்டு வர்றது. என்ன மாதிரி ஆளுக்கு 1800, 2000ன்னு பெருசா இருக்கணும், மெதுவா போனாலே தூக்கும்.

கைல பிடிக்கற விங் 6 சதுர மீட்டர். அத பம்ப் பண்ண பையன் கேஜ் பாக்கவே இல்ல, பம்ப்ல இருந்த கேஜ் முள் பூஜ்யத்துலயே செத்து கிடந்துச்சு. முன்னாடி இருக்கற குழாய கட்ட விரலால ரெண்டு தட்டு தட்டிட்டு "பக்கா"ன்னான். பெரும்பாலான விங்ல எவ்ளோ ப்ரஷர்னு வால்வு பக்கத்துலயே அச்சடிச்சிருப்பாங்க, 7, 8 பிஎஸ்ஐ மாதிரி. நடு ஸ்ட்ரட்டுக்கு (விங்கோட நடுவுல இருக்கற குழாய்) காத்து போற சின்ன ஹோஸ் இருக்குல்ல, அதோட க்ளிப் இருக்க வேண்டிய இடத்துல கருப்பு இன்சுலேஷன் டேப் சுத்தியிருந்துச்சு, டேப்போட நுனி பிரிஞ்சு மணல் ஒட்டி கிடந்துச்சு. காத கிட்ட வெச்சா மெல்லிசா ஸ்ஸ்ஸுன்னு சத்தம் வருது. காட்டினேன். "ஒரு மணி நேரம் தாங்கும் ப்ரோ." இந்த டயலாக்க ஞாபகம் வெச்சுக்கோங்க, பில் வரும்போது தேவைப்படும். நல்லவேளை டேப்ப ஒரு ஃபோட்டோ எடுத்தேன், நண்பனுக்கு காட்டி சிரிக்கறதுக்குத்தான்.

அடுத்தது காத்து. கொடி கடல பாத்து பறக்குது, அதாவது கரையிலேர்ந்து கடலுக்கு அடிக்குது, ஆஃப்ஷோர். இந்த காத்துல கரையோரம் பாத்தா ரொம்ப சாதுவா இருக்கும், அலையே இருக்காது, ஏன்னா கட்டடமும் மரமும் காத்த மறைக்குது, அலை உருவாகறதுக்கு தூரமும் இல்ல. வெளிய போகப்போக மறைப்பு போயிடும், காத்து முழுசா அடிக்கும், எது நடந்தாலும் உங்கள இன்னும் வெளியதான் தள்ளும். ஒழுங்கான சென்டர் எதுவும் ஆஃப்ஷோர்ல போட் இல்லாம யாரையும் விடவே விடாது, எனக்கு தெரிஞ்ச நல்ல எடத்துல எல்லாம் வந்தவங்கள திருப்பி அனுப்பி காச திரும்ப குடுப்பாங்க. நாங்க ரெண்டு பேருமே கேட்டோம், அதுக்கு வந்த பதில் "அதுக்குத்தானே ப்ரோ போட் வெச்சிருக்கோம்". போட் ஷெட்டுக்கு பின்னாடி ட்ரெய்லர்ல இருக்குன்னு கை காட்டினான், முன்பக்கம் மட்டும் தெரிஞ்சுது. கூட வர்றதா சொன்ன இன்ஸ்ட்ரக்டர் யாருன்னு பாத்தா அந்த பம்ப் பையன் தான், அவனும் தண்ணியில இறங்கல, "கரையிலேர்ந்தே கைட் பண்றேன்"னான்.

ஒண்ணு சொல்லணும், ஆரம்பத்துல கொஞ்ச நேரம் சூப்பரா இருந்துச்சு. முங்கி முங்கி, முட்டி போட்டு, ஒரு நல்ல கஸ்ட், அதாவது திடீர்னு பலமான காத்து, வந்தப்ப எப்பிடியோ எழும்பிட்டேன். ஃபாயில் தூக்கற அந்த செகண்ட்ல போர்டு அடியில அடிச்சிட்டிருந்த சளசளப்பு டக்குன்னு நின்னுடும், கால்ல வர்ற நடுக்கம் நின்னுடும், அதுக்காகத்தான் இவ்ளோ காசு செலவு பண்ணி இந்த கிறுக்குத்தனம் எல்லாம். நண்பன் பக்கத்துல ஹார்னெஸ்ல தொங்கிட்டு சல்லுன்னு போறான், கத்தி கூப்பிடறான். அது வரைக்கும் ஓகே.

வெளிய போனதும் தண்ணி கருப்பாச்சு, வெள்ளை நுரை தெரிய ஆரம்பிச்சுது. கரையில காத்து 12 நாட் (கடல்ல வேகத்துக்கான அளவு) இருந்திருக்கும், இங்க 18க்கு குறையாது. கேக்கறதுக்கு ஆறு நாட் தான், ஆனா காத்தோட விசை வேகத்தோட வர்க்கத்துல ஏறும், 12லேர்ந்து 18 போனா ரெண்டே கால் மடங்கு. திரும்பலாம்னு விழுந்து எழுந்தப்ப விங் கைல தொளதொளன்னு இருக்கு, நடுவுல மடங்குது. டேப் போட்ட எடம் முழுசா விட்டுப்போச்சு. காத்து இல்லாத விங் வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது.

அந்த நேரம் பாத்து நண்பன் கத்தறான். அவனோட மாஸ்ட் பேஸ்ல, அதாவது செயில் கம்பம் போர்டுல மாட்டற எடத்துல, இருக்கற டெண்டன் அறுந்துடுச்சு. விண்ட்சர்ஃப்ல செயிலையும் போர்டையும் சேக்கறது அந்த ஒரு ரப்பர் துண்டுதான், பழசானா விரிசல் விடும், அதனாலதான் அறுந்தாலும் ரெண்டும் பிரியாம இருக்க பக்கத்துல ஒரு சேஃப்டி கயிறு குடுத்திருப்பாங்க. இதுல அந்த கயிறே இல்ல. ரிக், அதாவது கம்பமும் செயிலும், போர்டோட சேந்து தண்ணியில கிடந்தா நங்கூரம் மாதிரி பிடிச்சு வெச்சிருக்கும், போர்டு அங்கயே நிக்கும். தனியா பிரிஞ்ச போர்டு காத்துல வழுக்கிட்டு ஓடிடும், விண்ட்சர்ஃப்ல லீஷும் (போர்ட நம்ம உடம்போட கட்டற கயிறு) கிடையாது. அவன் ரிக்க விட்டுட்டு போர்ட நோக்கி உயிர குடுத்து நீந்தி பிடிச்சான், அது மட்டும் கைக்கு கிடைக்கலன்னா இந்த பதிவு வேற மாதிரி இருந்திருக்கும்.

அவனுக்கு குடுத்திருந்தது இம்பாக்ட் வெஸ்ட். இதையும் சொல்லிடறேன், இம்பாக்ட் வெஸ்ட் அடி படாம இருக்கறதுக்கு, நிறைய மாடல் மிதக்கறதுக்குன்னு சர்டிஃபை ஆனதே இல்ல. மிதக்கறதுக்கு உள்ளது பாயன்ஸி எய்ட், உள்ள லேபிள்ல ஐஎஸ்ஓ 12402-5, 50 நியூட்டன்னு போட்டிருக்கும். பாக்க ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், லேபிள பாத்தாதான் தெரியும்.

நான் போர்டுல குப்புற படுத்து, விங்க கால்ல மாட்டி இழுத்துட்டு, கையால துழாவி அவன்கிட்ட போய் ரெண்டு போர்டையும் லீஷால சேத்து கட்டினோம். கரைய நோக்கி கையாலேயே துடுப்பு போட்டு பாத்தோம், அடியில ஃபாயில் மாஸ்ட் வேற, நகரவே இல்ல, கரை சின்னதாயிட்டே போகுது. சரி, கைய ரெண்டு பக்கமும் நீட்டி மெதுவா மேல தூக்கி கீழ இறக்கி, மறுபடி மறுபடி பண்ணோம். கடல்ல ஆபத்துல இருக்கேன்னு சொல்றதுக்கு சர்வதேச விதியிலயே இருக்கற சைகை அது. கரையில அந்த பையன் எங்கள பாத்தான், நல்லா பாத்தான். பாத்துட்டு டாட்டா காட்டினான்.

கோவமா சிரிப்பான்னே தெரியல அந்த நேரத்துல.

மீன் பிடிச்சிட்டு திரும்பின ஒரு போட்காரங்கதான் கடைசில எங்கள தூக்கினாங்க. அதுல பெரியவர் ஒருத்தர் முதல்ல கேட்டது, "கரைக்காத்து அடிக்கறப்ப இத எடுத்துக்கிட்டு எவன்யா உங்கள அனுப்புனது?" காசு நீட்டினா கைய தட்டி விட்டுட்டார்.

கரைக்கு வந்து நேரா ஷெட்டுக்கு பின்னாடி போனேன். ரெஸ்க்யூ போட் இருந்துச்சு, பொய் இல்ல. எஞ்சின் மூடி கழட்டி கீழ கிடக்கு, ப்ளக் இருக்க வேண்டிய ஓட்டையில துணி சொருகி வெச்சிருக்கு, ட்ரெய்லரோட ஒரு டயர்ல காத்தே இல்ல, அந்த டயர சுத்தி புல்லு முழங்கால் உசரம் வளந்திருக்கு. ஓனர் கூலா சொல்றார், "இன்னிக்கு காலைலதான் சார் ரிப்பேர் ஆச்சு."

இதுக்கப்புறம்தான் மெயின் பிக்சரே. மன்னிப்பு கேப்பாங்க, பணத்த திருப்பி தருவாங்கன்னு நெனச்சா, ஒரு லிஸ்ட்ட நீட்டறார். ரிக் தொலைஞ்சது, டெண்டன் உடைஞ்சது, விங் ஹோஸ் டேமேஜ், போர்டு டெயில்ல (பின்பக்கம்) விரிசல், ஃபாயில் மாஸ்ட் ஸ்க்ரூ மரை கழண்டது. டெபாசிட் மொத்தமும் போச்சு, பத்தலன்னு மேல வேற கேக்கறார். எங்க உயிர் போகப்பாத்ததுக்கு காரணமா இருந்த ஓட்டை உடைசல் என்னென்னவோ அது அத்தனையும் நாங்க பண்ண டேமேஜாம்.

ஸ்க்ரூவ கழட்டி காட்ட சொன்னேன். மரை முழுக்க வெள்ளை பவுடர் கெட்டியா படிஞ்சிருக்கு. அலுமினியம் மாஸ்ட்ல ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போட்டு உப்பு தண்ணியில விட்டா ரெண்டு உலோகமும் சேந்து அலுமினியம் அரிச்சு இப்பிடி ஆகும், அதனாலதான் ஒழுங்கா கியர் பாத்துக்கறவங்க கழட்டி நல்ல தண்ணியில கழுவி, மரைக்கு க்ரீஸ் தடவி மாட்டுவாங்க. இந்த படிவு வர மாசக்கணக்காகும், ஒரு செஷன்ல வராது. இத சொன்னா "நீங்க என்ன சார் இஞ்சினியரா"ன்னு கேக்கறார். ஆமா, இல்ல, அதுவா விஷயம்?

வீட்டுக்கு வந்து ரிவ்யூ போட்டேன், ஸ்க்ரூ ஃபோட்டோ, டேப் ஃபோட்டோ எல்லாம் சேத்து. ரெண்டு நாள்ல அந்த ரிவ்யூ காணாம போச்சு, ஆனா அதுக்குள்ள ஒருத்தர் பாத்துட்டு எனக்கு மெசேஜ் பண்ணார். அவர் எனக்கு முந்தின மாசம் அதே கடைக்கு போனவர். அவர் அனுப்பின ஃபோட்டோவுல அதே வெள்ளை போர்டு, அதே டெயில், அதே விரிசல், வளைவு கூட மாறாம. அந்த விரிசலுக்கு அவரும் டெபாசிட் குடுத்துட்டு வந்திருக்கார். அதாவது ஒரே விரிசல வெச்சு எத்தன பேர்கிட்ட வாங்கியிருக்கானுங்கன்னு யோசிச்சு பாருங்க. ரிப்பேர் பண்ணிட்டா வருமானம் நின்னுடும்ல.

அதனால வாடகைக்கு எடுக்கும்போது சும்மா போர்ட ஒரு ஃபோட்டோ எடுத்தா பத்தாது. ஆள் பக்கத்துல நிக்கறப்பவே வீடியோ போட்டு டெயில், அடிப்பக்கம், ஃபாயில் மாட்டற எடம், எல்லா ஸ்க்ரூவும், விங்க ஊதி வெச்சு எல்லா ஹோஸ் க்ளிப்பும், டெண்டன்னா கைல மடக்கி பிடிச்சு விரிசல் தெரியுதான்னு, எல்லாத்தையும் வாயால சொல்லிக்கிட்டே எடுங்க, அத உடனே அவங்க வாட்ஸப்புக்கே அனுப்பிடுங்க, டைமோட பதிவாயிடும். ரெஸ்க்யூ போட் இருக்குன்னு சொன்னா ஷெட்டுக்கு பின்னாடி போய் பாக்கறதெல்லாம் வேண்டாம், தண்ணியில இறக்கி ஸ்டார்ட் பண்ண சொல்லுங்க, ஓட்டற ஆள் யாருன்னு கேளுங்க. அத செய்ய மூஞ்சி சுளிச்சா அங்கேயே திரும்பிடுங்க. காத்து கரையிலேர்ந்து வெளிய அடிச்சா போட் ஓடினாலும் நான் இனிமே போக மாட்டேன், அது என் முடிவு.

டெபாசிட் கார்டுல கட்டினதால பேங்க்ல டிஸ்ப்யூட் போட்டிருக்கேன், அந்த இன்னொருத்தரோட ஃபோட்டோவையும் பில்லையும் அவர் சம்மதத்தோட சேத்து குடுத்திருக்கேன். பேங்க்ல இன்னும் ஆதாரம் இருந்தா குடுங்கங்கறாங்க. வெள்ளை போர்டு, 72 லிட்டர், டெயில்ல இடது பக்கம் கொக்கி மாதிரி வளைஞ்ச விரிசல். இதுக்கு யாராவது ஏற்கனவே பணம் கட்டியிருந்தீங்கன்னா தேதி தெரியற மாதிரி பில்லோட எனக்கு மெசேஜ் பண்ணுங்க, உங்க பேர் வெளிய வராது.