ஹார்டி கிவி: இஸ்ஸாயா, அன்னாவா?

டொராண்டோ பக்கம் வீட்டுத் தோட்டத்தில் ஹார்டி கிவி, அதாவது குளிர் தாங்கும் கிவிக் கொடி, நட நினைப்பவர்கள் நர்சரியில் முதலில் கை வைப்பது இஸ்ஸாய் ரகத்தில்தான். ஒரு கொடி போதுமே! மற்ற ரகங்களில், நம் பனையைப் போல, ஆண் வேறு பெண் வேறு. இஸ்ஸாய் தனியாகவே காய்க்கும். ஜப்பானிய மொழியில் அந்தப் பெயருக்கே 'ஒரு வயது' என்றுதான் பொருள்; நட்ட ஓரிரு வருடத்தில் பழம் பார்த்துவிடலாம். கொடியும் அடங்கி வளரும்.

நானும் அதில்தான் ஆரம்பித்தேன். குளிர் தாங்குவதில் இது சோனி என்பது அப்புறம்தான் தெரிந்தது. கோடை வறண்டால் செஞ்சிலந்தி வேறு. இலையைத் திருப்பிப் பார்த்தால் மெல்லிய வலை. மேல்பக்கம் ஊசியால் குத்தியது போல வெளிறிய புள்ளிகள்.

அனானஸ்நாயா முரட்டு ரகம். ரஷ்யப் பெயர், 'அன்னாசி போன்றது' என்று அர்த்தம். விற்பவர்கள் 'அன்னா' என்று சுருக்கிவிட்டார்கள். குளிர்கால உறக்கத்தில் மைனஸ் 30 டிகிரி அளவுக்குத் தாங்கும். ஆனால் தளிர்விட்டபின் மே மாதத்தில் ஓர் இரவு உறைபனி விழுந்தால் போதும், விடியும்போது தளிரெல்லாம் வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கும். அந்த வருடப் பூவும் அதோடு போச்சு. (பழைய பெட்ஷீட்டைத் தயாராக வைத்திருங்கள்.) ஒரே பருவத்தில் 6 மீட்டர் ஓடும் கொடி இது, புடலங்காய்ப் பந்தல் தாங்காது, கனத்த கம்பமும் கம்பியும் வேண்டும். காய்க்க 3 முதல் 5 வருடம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். பழம் திராட்சை அளவுதான், ரோமமே கிடையாது, தோலோடு வாயில் போடலாம்.

இன்னும் கடுங்குளிர் ஊரா? கொலோமிக்டா என்ற இன்னொரு கிவி இனத்தைப் பாருங்கள். மைனஸ் 40 வரை தாங்கும், அரைநிழல் போதும். ஆண் கொடியின் இலைகளில் வெள்ளையும் ரோஜா நிறமும் பூசினாற்போல் இருக்கும். பழம் பழுத்ததும் உதிர்ந்துவிடும், தினமும் பொறுக்க வேண்டும். பூனைகளுக்கு இந்தக் கொடி மேல் ஒரு கிறுக்கு; இளங்கன்றுக்குக் கம்பிவலை அவசியம். இதன் ஆணை வைத்து அன்னாவைக் காய்க்க வைக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள், அது முந்திப் பூத்துவிடும்.

என் இஸ்ஸாய் இப்போது தொட்டியில் இருக்கிறது, பனிக்காலத்தில் கராஜுக்குள் தூங்கும். வேலியோரம் அன்னாவும் அதற்கொரு ஆணும். ஓர் ஆண் ஆறேழு பெண்ணுக்குப் போதும். பூ முடிந்ததும் ஆணை ஒட்ட வெட்டி இடத்தை அன்னாவுக்கு விட்டுவிடுகிறேன்.