எண் தந்தார்கள், எப்படிப் பேசுவதென்று சொல்லித்தரவில்லை

வேலூரில் நான் முதுநிலை வேதியியல் படிக்கும் கல்லூரியில் முன்னாள் மாணவர் வழிகாட்டல் என்றொரு சேவை இருக்கிறது. 100 ரூபாய் கட்டிப் பதிவு செய்தால், நாம் கேட்கும் துறையில் இருக்கும் பழைய மாணவர் ஒருவரின் கைப்பேசி எண்ணைத் தருவார்கள். தோல் பதனிடும் துறை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். பத்தே நாளில், ராணிப்பேட்டைத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிபவரின் எண் வந்துவிட்டது. அந்த வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை காலை 9.30 மணிக்கு அழைத்தேன். அவருக்குப் பின்னால், தோலைப் போட்டுப் பதனிடும் பெரிய டிரம் சுற்றும் சத்தம். பெயரைச் சொன்ன கையோடு, "சார், உங்கள் கம்பெனியில் வேலை வாங்கித் தர முடியுமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சற்று நேரம் பேசவே இல்லை. பிறகு, "பயோடேட்டா அனுப்புங்கள், பார்க்கலாம்" என்றார். நான் நன்றி சொல்வதற்குள் இணைப்பு போய்விட்டது. மாலையில் குடியாத்தம் பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த மௌனம்தான் காதில் நின்றது. முகம் தெரியாத மனிதரிடம் எடுத்த எடுப்பில் கை நீட்டியது எனக்கே பொறுக்கவில்லை.

இந்தச் சேவையின் உண்மையான பலம் அதை நடத்தும் பேராசிரியைதான். ஒரு பக்கத்துக்கு நான் எழுதியிருந்த மன்னிப்புக் கடிதத்தைப் படித்துவிட்டு, "இதைப் பார்த்தால் உனக்கு ஆறுதல் சொல்லும் வேலையும் அவன் தலையில்தான் விழும்" என்றார். பேனாவால் அடித்துக்கொண்டே போனார். "சார் வேண்டாம், அண்ணா என்றே எழுது. அவனும் என்னிடம் படித்தவன்தான்." மிஞ்சியது இவ்வளவுதான்: "அண்ணா, வேலை நேரத்தில் அழைத்து, எடுத்த எடுப்பில் வேலை கேட்டுவிட்டேன், மன்னிக்கவும். தோல் உறிஞ்சாமல் கழிவுநீரில் தங்கிவிடும் குரோமியத்தை உங்கள் தொழிற்சாலையில் மீட்டெடுக்கிறீர்களா? தங்களுக்கு வசதியான நேரத்தில் பத்து நிமிடம் பேசலாமா?"

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "ஞாயிறு மாலை முத்துக்கடைக்கு வாம்மா."

அப்பாவையும் அழைத்துக்கொண்டு ராணிப்பேட்டை முத்துக்கடைப் பகுதிக்குப் போனேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, என் பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் அண்ணன் படம் போட்டுக் காட்டினார். தோலைப் பதனிடச் சேர்ப்பது குரோமிய உப்பு; மிஞ்சும் கழிவுநீரில் மக்னீசியம் ஆக்சைடைச் சேர்த்தால் குரோமியம் அடியில் படிந்துவிடும். அதைக் கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடி டிரம்முக்கே அனுப்பலாம். வீழ்படிவு என்று நான் தேர்வுக்கு மனப்பாடம் செய்த அதே சங்கதி! பையிலிருந்து உள்ளங்கை அகலத் தோல் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வெட் புளூ என்பார்கள்; குரோமியம் ஏறியதால் வெளிர்நீலம், தொட்டால் ஈரம். தறி நெய்து பழகிய அப்பா அதை விரலால் நீவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வேலையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. கிளம்பும்போது அவரே, "மே மாதம் ஆய்வகத்தில் பயிற்சிக்கு ஆள் எடுப்போம். ஏப்ரலில் நினைவுபடுத்து" என்றார்.

குறை ஒன்று உண்டு, அது சிறியதும் அல்ல. எண்ணோடு சேர்த்து, எந்த நேரத்தில் அழைக்கலாம், முதலில் என்ன கேட்கலாம் என்று அரைப் பக்கக் குறிப்பாவது தர வேண்டும். என் வகுப்பில் இரண்டு பேர் முதல் அழைப்பு சரியாக அமையாததால் அதோடு விட்டுவிட்டார்கள். அவர்களை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. அதனால் ஐந்துக்கு மூன்றரைதான் தருகிறேன்.

பேராசிரியை சனிக்கிழமை மதியம் துறை அறையில் இருப்பார். எண் கைக்கு வந்ததும் அழைத்துவிடாமல், முதலில் அவரைப் போய்ப் பாருங்கள்.