‘ஃபுல் எச்டி’ என்று ஏமாற்றிய வீடியோ கேசட் மாற்றம்: பணம் கொடுக்கும் முன் பாருங்கள்

வி.எச்.எஸ். கேசட்டுகளும் சில மினி டிவி (MiniDV, கேம்கார்டரில் போடும் சிறிய டேப்) கேசட்டுகளும் டிஜிட்டலாக மாற்றக் கொடுக்கப்பட்டன. எச்டிக்குத் தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு, நிறுவனம் ஒரு பென்டிரைவ் நிறைய 1080பி எம்பி4 கோப்புகளைத் திருப்பிக் கொடுத்தது. போனில் பார்த்தால் பளிச்சென்றுதான் இருக்கும். கணினித் திரையில் போட்டதும் குட்டு வெளிப்பட்டது.

முகங்களெல்லாம் அகலமாகத் தெரிந்தன. 4:3 படத்தை 16:9 திரைக்கு இழுத்திருக்கிறார்கள். அசிங்கம்தான், ஆனால் 1440க்கு 1080 என்று அகலத்தைச் சுருக்கினால் சரியாகிவிடும்.

சரியாகாதது அடுத்தது. பால் (PAL) எனப்படும் நம் ஊர் டிவி முறையின் வி.எச்.எஸ்.ஸில் விநாடிக்கு 50 ஃபீல்டுகள், அதாவது அரைப் படங்கள். ஒவ்வொரு ஃபீல்டிலும் ஒன்றுவிட்டு ஒரு வரிதான் இருக்கும். இரண்டு சேர்ந்தால் 576 வரி. இரண்டுக்கும் நடுவே விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் ஓடிவிடுவதால், அசைகிற எதுவும் இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்காது. அதனால் முதலில் டீஇன்டர்லேஸ் (ஃபீல்டுகளைப் பிரித்து முழு ஃபிரேம்களாக்குவது), பிறகுதான் பெரிதாக்குவது. இவர்கள் நேரே 576ஐ 1080க்கு இழுத்துவிட்டார்கள். ஓடும் குழந்தையின் கையோரத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள். வரிகள் ஒன்றோடொன்று குழைந்துவிட்டதால் இரண்டு ஃபீல்டுகளையும் இனிச் சுத்தமாகப் பிரிக்க முடியாது. கோப்பின் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் ‘புரோகிரசிவ்’ (ஃபீல்டாகப் பிரியாத முழு ஃபிரேம்) என்று காட்டும், படத்தை நிறுத்தினால் சீப்புக்கோடு தெரியும்: இந்த இரண்டும் சேர்ந்திருந்தால் கோப்பு கெட்டுப்போனது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கோடு இல்லாவிட்டாலும் விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்று பாருங்கள். 50 இருந்தால் எல்லா அசைவும் உள்ளே இருக்க வாய்ப்புண்டு. 25 என்றால் பாதி அசைவைத் தூக்கி எறிந்திருப்பார்கள்.

எச்டி என்பதே இங்கே வெறும் பேச்சு. வி.எச்.எஸ். தருவது கிடைமட்டத்தில் ஏறக்குறைய 240 வரித் துல்லியம் (இது அகலவாக்கில் தெரியும் நுணுக்கம், மேலே சொன்ன 576 வேறு). 720க்கு 576 என்ற அளவே அதற்குத் தாராளம். மலிவான ஏவி-எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் பெட்டியில் செருகினால் அது தானாகவே பெரிதாக்கித் தள்ளும். அதற்குத்தான் தனிக் கட்டணம்!

ஒலியும் நழுவியிருந்தது. தொடக்கத்தில் உதட்டோடு ஒட்டிவரும் பேச்சு, ஒரு மணி நேரம் போனதும் விநாடிக்கணக்கில் விலகிவிடும். பழைய டேப்பின் சிக்னல் ஆடும். அந்த ஆட்டத்தைச் சீராக்கும் டிபிசி எனப்படும் டைம் பேஸ் கரெக்டர் இல்லாமல் சாதாரண யுஎஸ்பி கேப்சர் குச்சியில் பிடித்தால் ஃபிரேம்கள் விழுந்துபோகும், ஒலி மட்டும் தன் போக்கில் ஓடும். விலகல் சீராக இருந்தால் எடிட்டரில் ஒலியின் நீளத்தைச் சற்று மாற்றி ஒட்டவைக்கலாம். திடீர் திடீரென்று எகிறினால் ஒவ்வொரு இடத்திலும் வெட்டித்தான் ஒட்ட வேண்டும். ஆகவே கோப்பின் தொடக்கம், நடு, கடைசி மூன்றிலும் யாராவது பேசும் இடத்தைப் போட்டுப் பாருங்கள்.

பில்லில் ஒரு தந்திரம். இ-180 கேசட்டில் பதிவு முக்கால் மணி நேரம்தான், கோப்போ மூன்று மணி நேரம். மீதியெல்லாம் நீலத்திரை, டேப்பில் சிக்னல் இல்லாதபோது டெக் (கேசட் ஓட்டும் விசிஆர்) தானாகப் போடுவது. கட்டணம் மணிக்கணக்கில்! பதிவுள்ள நேரத்துக்கு மட்டுமே கட்டணம் என்று முன்பே எழுதி வாங்குங்கள். அதற்காக முதல் நீலத்திரையிலேயே நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். வெற்றிடம் தாண்டி வேறொரு பதிவு இருக்கலாம். கடைசிவரை ஓட்டிப் பார்த்துவிட்டு வெற்றிடத்தை வெட்டுவதுதான் முறை.

மினி டிவியில் நடந்தது சுத்த அநியாயம். அந்த டேப்பில் இருப்பதே டிஜிட்டல் தரவு. கேமராவை ஃபயர்வயர் என்ற டிஜிட்டல் ஒயரில் கணினியோடு இணைத்தால் அப்படியே நகலாகும், மணிக்குச் சுமார் 13 ஜிபி. இவர்கள் மஞ்சள் வீடியோ ஒயரில் அனலாகாக எடுத்து மறுபடி எம்பி4 ஆக்கியிருக்கிறார்கள். தரம் போனது ஒருபுறம். தரவுக்குள்ளேயே இருந்த பதிவுத் தேதியும் நேரமும் போயே போச்சு.

புகாருக்கு வந்த பதில், “பழைய டேப், அப்படித்தான் இருக்கும்.” படத்தின் அடியில் சில வரிகள் கலங்குவதற்கு அந்தப் பதில் பொருந்தும். அது டேப்பைப் படிக்கும் ஹெட் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடம், வி.எச்.எஸ்.ஸின் இயல்பு, எடிட்டில் கறுப்புப் பட்டையால் மறைத்தால் போதும். சீப்புக்கோட்டுக்கும் அகன்ற முகத்துக்கும் டேப் மேல் பழி போட முடியாது.

வேறிடத்தில் கொடுக்கும்போது கேட்க வேண்டியது மாஸ்டர் கோப்பு: 720க்கு 576, இன்டர்லேஸ் கலையாமல் (ஃபீல்டுகள் இருந்தபடியே), நிறத் தகவலை அதிகம் வைத்திருக்கும் 4:2:2 வகையில், எஃப்எஃப்வி1 அல்லது ஹஃப்ஒய்யுவி போன்ற இழப்பில்லாச் சுருக்கத்தில். மணிக்குச் சுமார் 30 ஜிபி பிடிக்கும், எனவே ஹார்ட் டிஸ்க்கோடு போங்கள். எம்பி4 அதிலிருந்து எடுக்கும் பார்வைப் பிரதி மட்டுமே. டெக்கிலிருந்து மஞ்சள் ஒயருக்குப் பதில் நிறத்தையும் வெளிச்சத்தையும் தனித்தனியே அனுப்பும் எஸ்-வீடியோ வழியாக எடுக்கிறார்களா, டிபிசி உண்டா என்றும் கேளுங்கள். முதலில் ஒரே ஒரு கேசட், அதுவும் முக்கியமில்லாதது. கேசட்டின் ஜன்னல் வழியே டேப் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. சுத்தம் செய்யாமல் ஓட்டினால் ஹெட்டுக்கும் அடுத்த கேசட்டுக்கும் பரவும். தவறுதலாக மேலே வேறு பதிவாகாமல் இருக்க, கேசட் ஓரத்தில் உள்ள பதிவுத் தடுப்பு பிளாஸ்டிக் தாவலையும் உடைத்துவிட்டே கொடுங்கள்.

ஆர்டர் படிவத்தில் “மாற்றியபின் கேசட்டுகளை இலவசமாக அப்புறப்படுத்துகிறோம்” என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் டிக் போடாததால்தான் இப்போது மறுபடி மாற்றக் கேசட்டுகள் மிச்சம் இருக்கின்றன.