லேபல் உரித்த டப்பியில் தரும் கிறீமை வாங்காதீர்கள்

மார்கழி மழை விடாமல் பெய்த வாரம் என் இரண்டரை வயது மகளுக்குத் தடிமன் வந்தது. மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் காய்ச்சல் விட்டதும் வயிற்றிலும் முதுகிலும் கன்னத்திலும் செம்புள்ளிகள். மாமி பார்த்தவுடன் அம்மாள் வருத்தம் என்று வேப்பிலை ஒடிக்கப் போய்விட்டார். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தியும் வைத்தாயிற்று. எனக்குச் சின்னமுத்தோ (தட்டம்மையோ) என்று பயம். ஒன்பது மாதத்து ஊசி போட்டிருந்தோம், மூன்று வயதில் போடுவதற்கு இன்னும் நாள் இருந்தது.

கணவர் வயலில். முல்லைத்தீவுக்குப் போகும் பஸ்ஸையும் விட்டுவிட்டேன். சந்தி மருந்துக்கடைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் சட்டையை உயர்த்திக்கூடப் பார்க்கவில்லை. "அலர்ஜி தங்கச்சி, இரண்டு நாளில் போய்விடும்" என்று உள்ளே போய்ச் சின்ன வெள்ளை டப்பி ஒன்றைக் கொண்டுவந்தார். மருந்தின் பெயர் இல்லை, திகதி இல்லை. லேபல் உரித்த இடத்துப் பசை என் விரலில் ஒட்டியது. 850 ரூபாய். பில் கேட்டேன். "இதற்கெல்லாம் பில்லா?" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல்தான் கோபம் வருகிறது.

பூசிய மறுநாளே கன்னம் வெளுத்தது. ஏமாந்தது அங்கேதான். நிறுத்தினால் முன்னையைவிடச் சிவக்கும், பூசினால் அடங்கும். இப்படியே மூன்று வாரம் பூசினேன். கடைசியில் வாயைச் சுற்றிப் பொடிப்பொடியாகப் பருக்கள் கிளம்பின. பிள்ளை சோறு வாயில் வைத்தாலே எரிகிறது என்று அழுதாள்.

ஆஸ்பத்திரியில் வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, "என்ன பூசினீர்கள்?" டப்பியை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார், என்னையும் பார்த்தார். சிவப்பை அடக்கும் ஸ்டீரொயிட் மருந்து, அதுவும் கடுமையானது, கலந்ததாகத்தான் இருக்கும் என்றார். குழந்தையின் முகத்துத் தோல் மெல்லியது, அதை இது இன்னும் மெலியவைத்துவிடுமாம். முதலில் வந்த புள்ளிகளோ தடிமனைக் கொண்டுவந்த அதே வைரசின் வேலை. ஒன்றும் பூசாமலே சில நாளில் மறைந்திருக்கும்.

பயப்பட வேண்டிய புள்ளி எது என்றும் காட்டித்தந்தார். கண்ணாடிக் கிளாஸைப் புள்ளியின்மேல் வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் மறையாவிட்டால் தோலுக்கடியில் இரத்தம் கசிந்திருக்கலாம். டெங்குவிலும் மூளைக்காய்ச்சலிலும் அப்படி வரும். உடனே 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். புள்ளி மறைந்தாலும், பிள்ளை துவண்டு கிடந்தால், குடிக்க மறுத்தால், மூச்சு வாங்கினால் காத்திருக்கக் கூடாது. டெங்கு என்றால் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம். காய்ச்சல் விட்டது என்று நான் நிம்மதியாக இருந்த அந்த நாலாம் நாளை நினைக்க இப்போது வயிறு கலங்குகிறது.

கடைக்குத் திரும்பிப் போனேன். டப்பியை மேசையில் வைத்தேன். "இது என்னுடைய கடையில் வாங்கியது என்று எங்கே எழுதியிருக்கிறது, தங்கச்சி?" என்றார். பில்லும் இல்லை, லேபலும் இல்லை, என்ன சொல்ல?

மகளுக்கு இப்போது சுகம். ஆனாலும் வெயிலில் நின்றால் கன்னம் சிவக்கிறது. டப்பியை எறியாமல் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அதே மாதிரி ஒன்று உங்கள் வீட்டிலும் இருந்தால், பிள்ளையின் கிளினிக் கொப்பியோடு அதையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள்.